வயசானவங்க வீட்ல சென்சார், டேட்டா, அல்காரிதம்: யுனிவர்சிட்டிகள்ல என்னதான் பண்றாங்க? அடிக்கடி கேக்கற கேள்விகள்

அம்மா அப்பாவ ஊர்ல விட்டுட்டு வெளியூர்ல இருக்கறவங்க ஒரு பக்கம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடற பசங்க இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் சுத்தி சுத்தி ஒரே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு. நான் டாக்டர் இல்ல, டேட்டா வேலை பாக்கற ஆளு. மருந்து மாத்திரை சந்தேகத்தெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க.

இது டாக்டருங்க வேலையா, கம்ப்யூட்டர்காரங்க வேலையா?

ரெண்டு பேர் வேலையும்தான், ஆனா உருப்படியா ஏதாவது நடந்த இடங்கள பாத்தீங்கன்னா நர்சிங் ஆளுங்களோ சைக்காலஜி ஆளுங்களோ கண்டிப்பா நடுவுல உக்காந்திருப்பாங்க. அமெரிக்காவுல மிசௌரி யுனிவர்சிட்டில மேரிலின் ரான்ட்ஸ் நர்சிங் பேராசிரியர், மார்ஜரி ஸ்கூபிக் எஞ்சினியரிங் பேராசிரியர், ரெண்டு பேரும் சேர்ந்து டைகர்பிளேஸ்னு ஒரு முதியோர் குடியிருப்புல (2004ல திறந்தது) வருஷக்கணக்கா வேலை பாத்தாங்க. வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில டயான் குக் கம்ப்யூட்டர் சைடு, மௌரீன் ஷ்மிட்டர்-எட்ஜ்கோம்ப் சைக்காலஜி சைடு, இவங்க குரூப்புக்கு காசாஸ்னு பேரு. ஓரிகன்ல ஆர்காடெக்னு ஒரு சென்டர், அத நடத்தினவர் ஜெஃப்ரி கேய், நரம்பியல் டாக்டர். வெறும் கம்ப்யூட்டர் ஆளுங்க மட்டும் தனியா பண்ண ஆராய்ச்சி பேப்பர்கள் ஆயிரக்கணக்குல இருக்கு, அதுல முக்காவாசி எந்த வயசானவங்க வீட்டு வாசப்படியையும் மிதிச்சதில்ல.

வீட்டுக்குள்ள கேமரா வைப்பாங்களா?

நிறைய பேர் பயப்படறது இதுக்குத்தான். பெரும்பாலும் சாதா கேமரா கிடையாது. காசாஸ் குரூப் வீட்டு சீலிங்ல சின்ன மோஷன் சென்சார்கள ஒட்டுவாங்க, நம்ம ஆபீஸ் பாத்ரூம்ல ஆள் வந்தா லைட் எரியுதே அதே ஜாதி. கூட கதவு திறந்து மூடறத சொல்ற சென்சார், டெம்பரேச்சர் சென்சார், அவ்வளவுதான். எல்லாத்தையும் ஒரு பெட்டில போட்டு, பிரிச்சு மாட்டினா வேலை செய்யற மாதிரி "ஸ்மார்ட் ஹோம் இன் எ பாக்ஸ்"னு 2013ல பேப்பரும் போட்டாங்க.

அந்த டேட்டா எப்படி இருக்கும்னு பாக்க ஆசையா? அருபான்னு பேர் வச்ச ஒரு வீட்டு டேட்டாவ பொதுவுல விட்டிருக்காங்க, ஒரு அம்மா தனியா இருந்த வீடு, 2010 நவம்பர்ல இருந்து 2011 ஜூன் வரைக்கும். ஃபைல திறந்தா முதல் வரி இப்படி போகும்: 2010-11-04, ராத்திரி 12 மணி 3 நிமிஷம் 50 செகண்டு, சென்சார் எம்003, ஆன், தூக்கம் ஆரம்பம். அடுத்த வரி அதே எம்003 ஆஃப். இப்படியே லட்சக்கணக்குல. முகம் இல்ல, குரல் இல்ல, பேர் கூட இல்ல. ஆனா கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, அந்த அம்மா ராத்திரில எழுந்து பாத்ரூம் போறது, காலைல கிச்சன்ல நிக்கிறது, சாயங்காலம் ஹால்ல உக்காந்திருக்கறது எல்லாம் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சிடும், எனக்கு முதல் தடவ பாக்கும்போது அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரியே இருந்துச்சு. கேமரா இல்லன்னா பிரைவசி பிரச்சன இல்லன்னு சொல்றவங்க இந்த ஃபைல ஒரு தடவ திறந்து பாக்கணும்.

வெறும் ஆன் ஆஃப் வச்சு என்ன கண்டுபிடிக்க முடியும்?

சமைக்கறது, சாப்பிடறது, பாத்திரம் கழுவறது, தூங்கறது, படுக்கைல இருந்து பாத்ரூம் போறது, வீட்ட விட்டு வெளிய போறது, திரும்ப வர்றது, இந்த மாதிரி 11 வேலைக்கு அருபா டேட்டாவுல லேபிள் போட்டு வச்சிருக்காங்க. அந்த லேபிள வச்சு மாடல (டேட்டாவ பாத்து தானா கத்துக்கற ப்ரோக்ராம்) ட்ரெயின் பண்ணிட்டா அப்புறம் புது நாள் டேட்டா வந்தா அதுவே இது சமையல், இது தூக்கம்னு பிரிச்சிடும். இதுல பெரிய மேஜிக் எதுவும் இல்ல, எந்த சென்சாருக்கு அப்புறம் எந்த சென்சார், எவ்வளவு நேரம், எத்தன மணிக்கு, அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் எங்க வருதுன்னா விருந்தாளி வந்தா. அருபா வீட்டு அம்மாவுக்கு பிள்ளைங்களும் பேரப்பசங்களும் அடிக்கடி வந்துட்டு போவாங்க, அன்னைக்கு பாத்தா டேட்டா தாறுமாறா இருக்கும். மிலான்னு இன்னொரு வீட்ல ஒரு நாய் இருந்துச்சு, சென்சாருக்கு நாய் நடந்தா என்ன ஆள் நடந்தா என்ன. தனியா ஒரே ஆள் வாழற அமெரிக்க வீட்டுக்குன்னு யோசிச்ச விஷயத்த, வேலைக்காரம்மா, பால்காரர், பக்கத்து வீட்டுப் பசங்க, கீழ்வீட்டு மாமின்னு நாள் முழுக்க ஆள் வந்து போற நம்ம வீட்ல கொண்டுவந்து வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

நடக்கற வேகத்த எதுக்கு இவ்வளவு பெருசா பேசறாங்க?

ஏன்னா நடைதான் முதல்ல காட்டிக் குடுக்கும். இதயம், நுரையீரல், மூட்டு, கண்ணு, மூளை எல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான் ஒருத்தர் நேரா நடக்க முடியும், எங்க பழுது வந்தாலும் நடைல தெரியும். 2011ல ஸ்டூடென்ஸ்கின்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் பல ஆய்வுகள்ல இருந்து 34,485 பேர் டேட்டாவ ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, நடை வேகத்துக்கும் எவ்வளவு காலம் உயிரோட இருக்காங்கங்கறதுக்கும் நல்ல தொடர்பு இருந்துச்சு. செகண்டுக்கு 0.8 மீட்டர் வேகம்னா அந்த வயசுக்காரங்களோட சராசரி ஆயுள் மாதிரின்னு வச்சுக்கலாம், அதுக்கு மேல போகப் போக நல்லது.

ஆனா ஆஸ்பத்திரில டாக்டர் முன்னாடி நடக்கும்போது எல்லாரும் கொஞ்சம் விறைப்பா நல்லாவே நடந்து காட்டுவாங்க. அதனால ஓரிகன்காரங்க ஒரு வேலை பண்ணாங்க, வீட்டு நடைபாதைல மேல சீலிங்ல நாலு சென்சார வரிசையா வச்சு, ஒவ்வொண்ணும் நேரா கீழ மட்டும் பாக்கற மாதிரி குறுக்கி விட்டுட்டாங்க. ஆள் கடந்து போகும்போது ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசையா ஆன் ஆகும், இடையில எவ்வளவு நேரம்னு பாத்தா வேகம் கிடைச்சிடும். யாரும் டெஸ்ட் பண்றாங்கன்னே அவங்களுக்கு நெனப்பு இருக்காது, சும்மா கிச்சனுக்கு தண்ணி குடிக்கப் போயிட்டு வருவாங்க. 93 பேர மூணு வருஷம் வரைக்கும் இப்படி பாத்து 2012ல பேப்பர் வந்துச்சு. மூளைத் திறன் லேசா குறைய ஆரம்பிச்ச சிலர்கிட்ட வேகம் குறையற விதமும், நாளுக்கு நாள் வேகத்துல வர்ற ஏத்த இறக்கமும் மத்தவங்கள விட வேற மாதிரி இருந்துச்சு.

மிசௌரில கினெக்ட்னு ஒரு வீடியோ கேம் டெப்த் சென்சார (எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளக்கறது) வீட்ல மாட்டினாங்க, அதுல ஆள் நிழலுருவமாத்தான் தெரியும். நடை வேகம் செகண்டுக்கு 5 சென்டிமீட்டர் குறைஞ்சா அடுத்த 3 வாரத்துக்குள்ள கீழ விழ 86.3 சதவீதம் வாய்ப்புன்னு அவங்க கணக்கு. இந்த நம்பர் நியூஸ்ல நல்லா ஓடுச்சு. என்னோட கருத்து, இது ஒரு சின்ன குடியிருப்புல கொஞ்சம் பேர வச்சு எடுத்த கணக்கு, அப்படியே எடுத்து உங்க அப்பாவுக்கு ஒட்டாதீங்க. ஆனா அடிப்படை விஷயம் ரொம்ப சரி: ஒருத்தர ஊர்ல உள்ள சராசரியோட ஒப்பிடாதீங்க, போன மாசத்து அவரோடயே ஒப்பிடுங்க. இந்த துறைல எனக்கு உருப்படின்னு தோணற எல்லா ரிசல்ட்டும் இந்த ஒரு விஷயத்துலதான் நிக்குது.

கீழ விழுந்தா கண்டுபிடிக்கற வாட்ச் வாங்கிக் குடுத்தா போதுமா?

இந்த கேள்விக்குத்தான் நான் அதிகமா சண்ட போடுவேன்.

விழறத கண்டுபிடிக்கற அல்காரிதம் ட்ரெயின் பண்ண விழற டேட்டா வேணும். 80 வயசு பாட்டிய விழச் சொல்ல முடியுமா? முடியாது. அதனால காலேஜ் பசங்கள மெத்தை மேல விழ வச்சு எடுக்கறாங்க. சிஸ்ஃபால்னு கொலம்பியா நாட்டுல ஆன்டியோக்கியா யுனிவர்சிட்டி எடுத்த டேட்டா ரொம்ப ஃபேமஸ், 2017ல வந்துச்சு, 23 இளவட்டம், 15 வயசானவங்க. வயசானவங்க நடக்கறது உக்காருறதோட சரி, விழற வேலை பசங்களுக்கு. வயசானவங்கள்ல ஒரே ஒருத்தர்தான் விழுந்து காட்டினார், அவருக்கு 60 வயசு, ஜூடோ எக்ஸ்பர்ட்! எப்படி விழணும்னு பயிற்சி எடுத்த மனுஷன் விழற அழக வச்சு, பாத்ரூம்ல சோப்புத் தண்ணில வழுக்கி சுவத்த புடிச்சுகிட்டே மெதுவா சரியற பாட்டிய மெஷின் எப்படி கண்டுபிடிக்கும்?

அத விட முக்கியமா 2012ல ஒரு ஆய்வு. லேப்ல சூப்பரா வேலை செஞ்ச 13 அல்காரிதம எடுத்து, நிஜமா விழுந்த 29 சம்பவத்து டேட்டாவுல ஓட்டிப் பாத்தாங்க. சராசரியா 57 சதவீதம் விழுகையத்தான் புடிச்சுது, அதாவது பாதிக்கு கொஞ்சம் மேல. அதுக்கப்புறம் அல்காரிதம் எல்லாம் முன்னேறியிருக்கு, ஒத்துக்கறேன், ஆனா லேப் நம்பரையும் வீட்டு நம்பரையும் ஒண்ணா நினைக்காதீங்கங்கறது மாறல.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒருத்தர் ஒரு நாளைக்கு 50 தடவ உக்காருறார் படுக்கறார்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 18,250. மெஷின் அதுல 99 சதவீதம் சரியா இது விழுகை இல்லன்னு சொன்னாலும் மிச்சம் 182 தடவ சும்மா அலாரம் அடிக்கும், ஆனா அந்த வருஷத்துல அவர் நிஜமா விழறது ஒரு தடவ இருக்கலாம், இல்லாமயும் போகலாம். புலி வருது புலி வருதுன்னு இருபது தடவ அடிச்சதும் வாட்ச கழட்டி அலமாரில வச்சிடுவாங்க.

வாங்காதீங்கன்னு சொல்லல. அவங்களே அமுக்கற எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கற மாதிரி வாங்குங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதான்னு பாருங்க, ஏன்னா குளிக்கப் போகும்போது கழட்டி வச்சிட்டா வாங்கின பிரயோஜனமே இல்ல.

சென்சார் வச்சதால யாருக்காவது நிஜமா நல்லது நடந்துச்சா?

டைகர்பிளேஸ்ல கணக்கு இருக்கு. அங்க படுக்கை மெத்தைக்கு அடியில தண்ணி நிரப்பின குழாய் மாதிரி ஒரு சென்சார் வச்சாங்க, மேல படுக்கறவங்களோட நாடித் துடிப்பு, மூச்சு, புரண்டு படுக்கறது எல்லாம் அதுல வரும். வழக்கத்த விட ராத்திரி அதிக தடவ எழுந்தா நர்ஸுக்கு மெசேஜ் போகும், அவங்க போய் பாப்பாங்க, யூரின் இன்ஃபெக்ஷன் இப்படி முன்னாடியே மாட்டும். வயசானவங்களுக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்தா காய்ச்சலோ எரிச்சலோ தெரியாம திடீர்னு குழப்பமா பேச ஆரம்பிச்சு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், நிறைய வீட்ல நடக்கறதுதான் இது.

2015ல வந்த கணக்குப்படி சென்சார் வச்ச வீட்ல இருந்தவங்க சராசரியா 1,557 நாள் அங்கயே இருந்தாங்க, சென்சார் இல்லாதவங்க 936 நாள். வித்தியாசம் 1.7 வருஷம். பெரிய விஷயம்தான். ஆனா சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு சென்சார்னு முடிவு பண்ணல, ஒத்துக்கிட்டவங்களுக்கு வச்சாங்க, அதனால ஆரம்பத்துலயே அவங்க கொஞ்சம் வேற மாதிரி ஆளுங்களா இருந்திருக்கலாம். அப்புறம் மெசேஜ் வந்ததும் எழுந்து போய் பாக்க அங்க நர்ஸ் இருந்தாங்க. அந்த நர்ஸுங்க ஒவ்வொரு அலர்ட்டுக்கும் இது உபயோகமா இல்லையான்னு மார்க் போட்டு திருப்பி அனுப்பினாங்க, அத வச்சு அல்காரிதம திருத்தினாங்க. அந்த நர்ஸ எடுத்துட்டு சென்சார் மட்டும் விக்கறவங்க கிட்ட ஜாக்கிரதையா இருங்க.

உடம்புல எதையும் மாட்டாம ரேடியோ அலை வச்சே பாக்கறாங்களாமே?

ஆமா, எம்ஐடில டினா கதாபின்னு ஒரு பேராசிரியர் குரூப். வைஃபை ரூட்டர் மாதிரி ஒரு பெட்டி, லேசான ரேடியோ அலைய விட்டு உடம்புல பட்டு திரும்பி வர்றத வச்சு மூச்சு விடறத அளக்கும். 2022ல ராத்திரி மூச்ச மட்டும் வச்சு பார்கின்சன்ஸ் (கை கால் நடுங்கற நரம்பு நோய்) இருக்கான்னு சொல்ற மாடல் பத்தி நேச்சர் மெடிசின் பத்திரிகைல போட்டாங்க, 7,671 பேர் டேட்டா. கடைல வாங்கி வீட்லயே டெஸ்ட் பண்ணி பாக்கற அளவுக்கு எல்லாம் அத எடுத்துக்காதீங்க.

பேசற பேச்ச வச்சு மறதி நோய கண்டுபிடிக்கலாமா? பாட்டி தமிழ் பேசினா?

இதுக்கு பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு. அமெரிக்காவுல டேவிட் ஸ்னோடன் 1986ல ஆரம்பிச்ச ஆய்வு, 678 கன்னியாஸ்திரிகள். எல்லாரும் ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, சிகரெட் தண்ணி எதுவும் இல்ல, ஒப்பிட்டுப் பாக்க இதவிட வசதியான கூட்டம் கிடைக்காது. மடத்துல சேரும்போது இருபது வயசு வாக்குல அவங்க எழுதின வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் பழைய பெட்டில பத்திரமா இருந்துச்சு. ஒவ்வொரு வாக்கியத்துலயும் எத்தன விஷயம் அடைச்சு எழுதியிருக்காங்கன்னு எண்ணினா, கம்மியா எழுதினவங்களுக்கு கிட்டத்தட்ட 58 வருஷம் கழிச்சு ஞாபகசக்தி டெஸ்ட்ல மார்க் கம்மியா வந்துச்சு, 1996ல வந்த ரிசல்ட். அப்ப ஆளுங்க உக்காந்து கையால எண்ணினாங்க, அப்புறம் ஜார்ஜியா யுனிவர்சிட்டில அதுக்கு சாப்ட்வேரே எழுதிட்டாங்க.

பேச்சு ஆராய்ச்சில பாதிப் பேர் பிட்ஸ்பர்க்ல எடுத்த ஒரு இங்கிலீஷ் பதிவையே திரும்பத் திரும்ப உபயோகிக்கறாங்க. அதுல ஒரு படத்த காட்டி விவரிக்கச் சொல்வாங்க, ஸ்டூல் மேல ஏறி ஜாடில இருந்து பிஸ்கட் திருடற பையன், ஸ்டூல் கவுறப் போகுது, அம்மா சிங்க்ல தண்ணி வழியறது தெரியாம தட்டு துடைச்சிட்டு இருக்காங்க. அத நம்ம மன்னார்குடி பாட்டிகிட்ட குடுத்தா, ஏன்டா அந்தம்மா டேப்ப மூடல, அந்தப் பையன் அம்மாவா அதுன்னு நம்மள திருப்பி கேள்வி கேக்கும். இங்கிலீஷ்ல ட்ரெயின் பண்ண மாடல தமிழுக்கு அப்படியே திருப்பி விட முடியாது, தமிழ்ல ஒரு வினைச்சொல்லுக்குள்ளயே யாரு, எப்பன்னு எல்லாம் அடங்கிடும், வார்த்தைய எண்ணற கணக்கே மாறிடும்.

இந்தியாவுல யாராவது பண்றாங்களா?

பண்றாங்க, அதுவும் பெருசா. லாசின்னு ஒரு நாடு தழுவிய ஆய்வு, மும்பைல இருக்கற ஐஐபிஎஸ்ங்கற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், கூட ஹார்வர்ட், சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி. 2017-18ல 45 வயசுக்கு மேல 72,000 பேருக்கு மேல பாத்தாங்க, வீடு வீடா போய் நடை வேகம், கைப்பிடி பலம், பிபி எல்லாம் அளந்தாங்க. அதுல இருந்து ஒரு பகுதி பேர எடுத்து டெல்லி எய்ம்ஸோட சேர்ந்து மறதி நோய்க்கு தனியா ஒரு ஆய்வு. 60 வயசுக்கு மேல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர்னு 2023ல கணக்கு வந்துச்சு. ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு, டவுன விட கிராமத்துல அதிகம்.

பெங்களூர் ஐஐஎஸ்சில சென்டர் ஃபார் பிரெயின் ரிசர்ச் இருக்கு, அவங்க கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரா பக்கத்து கிராமங்கள்ல 10,000 பேர இலக்கா வச்சு வருஷக்கணக்கா ஒரே ஆளுங்கள திரும்பத் திரும்ப பாக்கற ஆய்வு நடத்தறாங்க. கிராமத்து ஆளுங்களோட மூளை ஸ்கேன், ரத்தம், நடை, ஞாபகம் எல்லாம் ஒரே இடத்துல சேரற டேட்டா உலகத்துலயே ரொம்ப அபூர்வம்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஞாபக டெஸ்ட் எப்படி வைப்பீங்கன்னு ஒருத்தர் கேட்டார், நல்ல கேள்வி. ஹரியானா பல்லப்கர்ல 90கள்ல ஒரு இந்திய-அமெரிக்க குரூப் இதுக்குன்னே டெஸ்ட மாத்தி எழுதினாங்க. நூறுல இருந்து ஏழு ஏழா கழின்னு கேக்கறதுக்கு பதிலா கிழமைகள பின்னாடி இருந்து சொல்லுங்கன்னு, கண்ண மூடுன்னு எழுதின அட்டைய படிக்கச் சொல்றதுக்கு பதிலா என் மூஞ்சிய பாத்து நான் பண்றத அப்படியே பண்ணுங்கன்னு, இப்ப காலையா மத்தியானமா சாயங்காலமான்னு. எந்த பெரிய சூப்பர் கம்ப்யூட்டரும் இந்த மாதிரி உக்காந்து யோசிச்ச வேலைய ஈடு கட்டாது, ஏன்னா டெஸ்டே தப்பா இருந்தா படிக்காத பாட்டி எல்லாரும் டேட்டாவுல நோயாளி ஆயிடுவாங்க.

தமிழ்நாட்டுக்கு இது ரொம்ப அவசரம். 2011 சென்சஸ்லயே 60 தாண்டினவங்க இங்க 10.4 சதவீதம், பெரிய மாநிலங்கள்ல கேரளாவுக்கு அடுத்து நாமதான்.

சென்சார் எதுவுமே இல்லாம, ஆஸ்பத்திரி ரெக்கார்ட மட்டும் வச்சு?

இங்கிலாந்துல லீட்ஸ் யுனிவர்சிட்டில ஆண்ட்ரூ கிளெக் குரூப் 2016ல பண்ணாங்க. 36 குறை, அதாவது கண்ணு தெரியல, மூட்டு வலி, கீழ விழுந்தார், நிறைய மாத்திர சாப்பிடறார் இந்த மாதிரி. ரெக்கார்ட்ல அதுல எத்தன இருக்குன்னு எண்ணி 36ஆல வகுத்தா முடிஞ்சுது, ஒருத்தர் எவ்வளவு தளர்ந்திருக்கார்னு தெரிஞ்சிடும். நியூரல் நெட்வொர்க் கூட கிடையாது, வெறும் எண்ணிக்கை, ஆனா அங்க ஊர் டாக்டருங்க நிஜமா உபயோகிக்கறாங்க. நம்ம ஊர்ல ரெக்கார்ட் எல்லாம் மஞ்சப்பைல சுருட்டி பீரோ மேல இருக்கறதுதான் பிரச்சன.

அல்காரிதம் பாரபட்சம் காட்டுமா?

காட்டும், வேணும்னே இல்லாட்டியும். 2019ல சயின்ஸ் பத்திரிகைல அமெரிக்காவுல பரவலா உபயோகத்துல இருந்த ஒரு அல்காரிதம தோண்டிப் பாத்து எழுதினாங்க. யாருக்கு உடம்பு ரொம்ப மோசம்னு கண்டுபிடிக்க வேண்டியது, ஆனா யாருக்கு வைத்தியச் செலவு அதிகம்னு ட்ரெயின் பண்ணிட்டாங்க. கருப்பின மக்களுக்கு அதே நோய் இருந்தும் அவங்களுக்கு ஆன செலவு கம்மி, அதனால மெஷின் அவங்கள ஆரோக்கியமானவங்கன்னு நினைச்சுடுச்சு. திருத்தினா கூடுதல் உதவி கிடைக்கறவங்கள்ல கருப்பினத்தவர் 17.7ல இருந்து 46.5 சதவீதம் ஆகியிருப்பாங்க. நம்ம ஊர்ல செலவ வச்சு யாராவது மாடல் பண்ணா, ஆஸ்பத்திரிக்கே போகாத விவசாயக் கூலிதான் ஊர்லயே திடகாத்திரமான ஆளுன்னு வரும்.

விரல்ல மாட்டற ஆக்சிமீட்டரும் கருத்த தோல்ல சில சமயம் ஆக்சிஜன் அளவ கூட்டிக் காட்டுதுன்னு 2020ல மிச்சிகன்காரங்க காட்டினாங்க. நமக்கு இது பக்கத்து வீட்டு விஷயம் இல்ல.

அம்மாகிட்ட சொல்லாம சென்சார் வைக்கலாமா?

கூடாது. அவங்க வீடு, அவங்க உடம்பு. யுனிவர்சிட்டில ஒரு ஆய்வுக்கே எதிக்ஸ் கமிட்டி, கையெழுத்து, எப்ப வேணா விலகிக்கலாம்னு உரிமை எல்லாம் குடுக்கறாங்க, பெத்த அம்மாவுக்கு அது கூட இல்லன்னா எப்படி. பாத்ரூமுக்கு எத்தன தடவ போனாங்கன்னு அமெரிக்காவுல இருக்கற மருமகன் போன்ல வரும்னு தெரிஞ்சா அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சு யாருக்கு என்ன தெரியணும்னு அவங்ககிட்டயே கேளுங்க.

நான் துபாய்ல, அப்பா அம்மா தனியா ஊர்ல. காசு செலவு பண்ணாம இன்னைக்கே என்ன பண்ணலாம்?

தரைல சாக்பீஸால 4 மீட்டர் அளந்து ரெண்டு கோடு போடச் சொல்லுங்க. கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடி இருந்தே எப்பவும் நடக்கற மாதிரி நடந்து வரணும், வேகம் காட்ட வேண்டாம், போன்ல ஸ்டாப்வாட்ச். 5 செகண்டுன்னா 0.8 மீட்டர் வேகம். மாசம் ஒரு தடவ அதே இடம், அதே நேரம், காலண்டர்ல எழுதி வைங்க. 5, 5, 5.2ன்னு போயிட்டிருந்தது திடீர்னு 6.5 ஆச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க, அந்தக் காலண்டர் தாளயும் எடுத்துட்டு போங்க.

அலாரம் அடிச்சா பத்து நிமிஷத்துல வீட்டுக்கு போகக்கூடிய ஆள் யாருன்னு பேர் எழுதுங்க, ரெண்டு பேராவது வேணும், அவங்ககிட்ட ஒரு சாவி குடுங்க. கரண்ட் போனா வைஃபை போகும், வைஃபை போனா உங்க கேமரா செத்துச்சு, அதனால இந்த ஆளுங்கதான் முக்கியம். கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு நைட் லேம்ப், பாத்ரூம்ல கைப்பிடி. முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் 108, ரெண்டையும் பெரிய எழுத்துல சுவத்துல ஒட்டுங்க.

ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா எங்க கிடைக்கும்? கைடு 95 சதவீதம் அக்யூரசி கேக்கறார்

காசாஸ் டேட்டா இலவசமா டவுன்லோட் பண்ணலாம், லாசி டேட்டா ரிஜிஸ்டர் பண்ணி விண்ணப்பிச்சா கிடைக்கும், சிஸ்ஃபாலும் இருக்கு.

95 வாங்கறது ரொம்ப ஈசி, அதான் பிரச்சன. ஒரே ஆளோட டேட்டாவ குலுக்கி பாதி ட்ரெயினிங் பாதி டெஸ்டிங்னு போட்டா மாடல் அந்த ஆளையே மனப்பாடம் பண்ணிடும். ஒரு ஆள முழுசா வெளிய வச்சு, மத்தவங்கள வச்சு ட்ரெயின் பண்ணி, வெளிய இருந்த ஆள்மேல டெஸ்ட் பண்ணுங்க, நம்பர் டக்குனு இறங்கும், இறங்கட்டும், அதான் நிஜம். அருபா மாதிரி ஒரே ஆள் டேட்டான்னா முதல் நாலு மாசத்துல ட்ரெயின் பண்ணி கடைசி மாசங்கள்ல டெஸ்ட் பண்ணுங்க, நாள கலக்காதீங்க. அப்புறம் மொத்த அக்யூரசி மட்டும் போடாதீங்க, பாதி நேரம் லேபிளே இல்லாத டேட்டா, எல்லாத்தையும் "மத்தவை"ன்னு சொல்ற சோம்பேறி மாடலுக்கே நல்ல மார்க் வரும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா எத்தன புடிச்சுது எத்தன விட்டுச்சுன்னு டேபிள் போடுங்க. பாத்திரம் கழுவறது வரிசைல நம்பர் மோசமா வரும், ஏன்னா சமையலும் அதே கிச்சன், அதே சென்சார், ரெண்டும் குழம்பிக்கும். அத மறைக்காம அப்படியே ரிப்போர்ட்ல எழுதி, வைவால கேட்டா எம்003 மாதிரி ஒரு சென்சார் லைன எடுத்து காட்டி விளக்குங்க.